தை பிறந்தால் எத்தனை வழி!

ஈஸ்ட் ஹாம், லண்டன்
தை மாதம், ஒரு சனிக்கிழமை

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

சித்திக்கு முழங்கால் வலி தேவலையா? பொங்கலன்று நீங்கள் அனுப்பிய படத்தில் கரும்பு முழுசாகத் தெரிந்தது, மஞ்சள் கொத்து முழுசாகத் தெரிந்தது, சித்திக்கு மட்டும் பாதி முகம்தான் விழுந்திருந்தது. அடுத்த வருஷம் போனைப் பேரப் பிள்ளைகளிடம் கொடுத்து எடுக்கச் சொல்லுங்கள்.

போன கடிதத்தில் ஒரு கேள்வி கேட்டிருந்தீர்கள். "அங்கே சர்க்காருக்கு வரி எப்படிக் கட்டுகிறாய்? ஆள் வந்து வாங்குவானா, நீ போய்க் கட்டுவாயா?" தலையாரியைக் கூட்டிக்கொண்டு தெருத் தெருவாகக் கிஸ்தி வசூலித்த கிராம நிர்வாக அலுவலர் கேட்கிற கேள்வி. "பேங்க்கில் கட்டுவோம்" என்று ஒரு வரியில் எழுதினால் உங்களுக்குத் திருப்தி வராது. பென்ஷன் வாங்கத் தொடங்கிய பிறகும் நீங்கள் அடங்கல் கணக்கை மறக்கவில்லை என்பது எனக்குத் தெரியும். அதனால் சாவகாசமாக எழுதுகிறேன், நீங்களும் சாவகாசமாகப் படியுங்கள்.

ஊரில் தை பிறந்தால் வழி பிறக்கும் என்று சொல்வோம். இங்கேயும் பிறக்கிறது, வரி கட்டுகிற வழி. சொந்தத் தொழில் செய்கிறவர்கள் போன வருஷக் கணக்கை ஆன்லைனில் ஒப்படைத்துப் பணத்தையும் கட்டி முடிக்க ஜனவரி 31 கடைசி நாள். பொங்கல் பானை அடுப்பில் இருக்கும்போதே இங்கே ஜனங்கள் பழைய பெட்ரோல் ரசீதுகளைத் தேடி சோபா மெத்தையைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். கடைசி நாள் இரவு பதினொன்றிலிருந்து பன்னிரண்டுக்குள் மட்டும் 30,000 பேருக்கு மேல் கணக்கு அனுப்பிய வருஷமும் உண்டு. கிறிஸ்துமஸ் அன்று கேக்கை வெட்டிவிட்டுக் கணக்கை அனுப்புகிறவர்களும் சில ஆயிரம் பேர் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றி வரி இலாகா வருஷா வருஷம் பெருமையாகப் பத்திரிகைச் செய்தி விடுகிறது.

இலாகாவின் பெயர் ஹெச்.எம்.ஆர்.சி. 'மாட்சிமை தங்கிய மன்னரின் வருவாய் மற்றும் சுங்கத் துறை' என்று நீட்டிச் சொல்லலாம். 2005-ல் வருமான வரிக்காரர்களையும் சுங்கக்காரர்களையும் ஒன்றாகச் சேர்த்து உருவாக்கியது. வேடிக்கை என்னவென்றால், மன்னரின் பெயரால் வசூலிக்கும் இந்த இலாகாவுக்கு வருமான வரி கட்ட வேண்டிய சட்டக் கட்டாயம் மன்னருக்குக் கிடையாது. 1993-லிருந்து அரண்மனை தானாக முன்வந்து கட்டுகிறது. மற்றவர்களுக்கு அந்த முன்வரும் வாய்ப்பு தரப்படவில்லை.

முதலில் என் கதை. சம்பளக்காரனுக்கு வழியும் கிடையாது, வலியும் கிடையாது. 1944-லிருந்து சம்பளம் கைக்கு வருமுன்பே கம்பெனி பிடித்துக் கட்டிவிடுகிறது. எனக்கு 1257எல் என்று ஒரு குறியீடு கொடுத்திருக்கிறார்கள். வருஷத்துக்கு 12,570 பவுண்டு வரை வரி இல்லை என்று அதற்கு அர்த்தம். கடைசி சைபரை வெட்டிவிட்டு ஒரு எழுத்தை ஒட்டியிருக்கிறார்கள். ஸ்காட்லாந்தில் குடியிருந்தால் முன்னால் எஸ், வேல்ஸில் இருந்தால் சி. இந்த 12,570 என்பது 2021-லிருந்து அப்படியே நிற்கிறது. அரிசி ஏறியது, வாடகை ஏறியது, சம்பளமும் கொஞ்சம் ஏறியது, இது மட்டும் ஏறவில்லை. வரி விகிதத்தைத் தொடாமலே வரியைக் கூட்ட இதைவிடச் சாமர்த்தியமான வழி இல்லை. நம் ஊர் நிதி மந்திரிகள் யாரும் இந்தக் கடிதத்தைப் படிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படி வரி கட்டுகிறோம் என்ற நினைப்பே இல்லாமல் நிம்மதியாக இருந்த வீட்டில், உங்கள் மருமகள் இட்லி மாவு அரைக்க ஆரம்பித்தாள்.

பள்ளிக்கூடச் சமையலறையில் அவளுக்குப் பாதி நேர வேலை என்பது உங்களுக்குத் தெரியும். சனி, ஞாயிறில் அக்கம்பக்கத்துக்கு மாவு அரைத்துக் கொடுக்கத் தொடங்கினாள். இந்தக் குளிரில் மாவு புளிப்பதே பெரும்பாடு. அந்த வித்தை கைவந்துவிட்டதால் அவளுக்குப் பேர் வந்துவிட்டது. இங்கே ஒரு சட்டம்: தொழில் வரவு வருஷத்துக்கு 1,000 பவுண்டைத் தாண்டிவிட்டால் இலாகாவிடம் பெயரைப் பதிந்துகொள்ள வேண்டும். பதிந்தோம். பத்து இலக்கத்தில் ஒரு எண் தபாலில் வந்தது. அன்றிலிருந்து அவள் தொழிலதிபர், நான் கிரைண்டர் கழுவுகிற ஆள்.

வரி வருஷம் எப்போது முடிகிறது தெரியுமா? ஏப்ரல் 5. மார்ச் 31 இல்லை, டிசம்பர் 31 இல்லை. அக்பர் காலத்துப் பசலியை இன்னும் ஜூலை 1-ல் தொடங்கிக்கொண்டிருக்கும் உங்களுக்கு இது ஆச்சரியமாக இராது. இவர்களுடைய பழைய ஆண்டுக் கணக்கு மார்ச் 25-ல் புரளும். 1752-ல் நாட்காட்டியைத் திருத்தியபோது பதினொரு நாளைத் தூக்கி எறிந்தார்கள். செப்டம்பர் 2-ம் தேதி இரவு படுத்தவர்கள் 14-ம் தேதி காலை எழுந்தார்கள். கஜானா மட்டும் ஒரு நாளைக் கூட விட்டுக்கொடுக்கவில்லை. மார்ச் 25-ஐப் பதினொரு நாள் தள்ளி ஏப்ரல் 5 ஆக்கிக்கொண்டது. அந்தத் தேதியில்தான் உங்கள் மருமகளின் உளுந்துக் கணக்கு இன்றைக்கும் முடிகிறது.

இன்னொன்றும் கேளுங்கள். வருமான வரியே இங்கே சட்டப்படி தற்காலிகம்! நெப்போலியனோடு சண்டை போடப் பணம் வேண்டும் என்று 1799-ல் பிட் என்ற பிரதமர் கொண்டுவந்தார். சண்டை ஓய்ந்து 1816-ல் எடுத்தார்கள். 1842-ல் பீல், சும்மா மூன்று வருஷத்துக்கு என்று சொல்லித் திரும்பக் கொண்டுவந்தார். அந்த மூன்று வருஷம் இன்னும் முடியவில்லை. ஒவ்வொரு ஏப்ரல் 5-லும் வருமான வரி செத்துப்போகிறது, பார்லிமெண்ட் அதைத் திரும்ப உயிர்ப்பிக்கிறது. ஆண்டுதோறும் தவறாமல் நடக்கிற திதி இது ஒன்றுதான்.

சரி, கட்டும் வழிகளுக்கு வருகிறேன்.

முதல் வழி செக். எழுபது வயதுக்கு மேற்பட்ட வெள்ளைக்காரத் தாத்தாக்களுக்கு இதுதான் பிடிக்கும். பின்னால் அந்தப் பத்து இலக்க எண்ணை எழுதி, சலானோடு தபாலில் அனுப்ப வேண்டும். விலாசம்தான் விசித்திரம். கதவு எண் இல்லை, தெரு இல்லை, ஊர் இல்லை. 'ஹெச்.எம்.ஆர்.சி. டைரக்ட்' என்று எழுதிக் கீழே ஒரு பின்கோடு, அவ்வளவுதான். அந்தப் பின்கோடு பூமியில் எந்த இடத்தையும் குறிக்காது. பெரிய வங்கிகளுக்கும் இவர்களுக்குமென்று ஒதுக்கிய, ஊரில்லாத பின்கோடு. வைகுண்டத்துக்குத் தபால் போடுவது போல நம்பிக்கையோடு போட வேண்டும். அதோடு ஒரு கண்டிப்பு: செக்கையும் சலானையும் மடிக்கக் கூடாது, ஒன்றோடொன்று சேர்த்துக் குத்தவும் கூடாது. சித்தப்பா, உங்கள் ஆபீஸில் குண்டூசி ஏறாத காகிதம் ஒன்றாவது இருந்ததா?

இரண்டாவது, வங்கிக் கிளைக்குப் போய் இலாகா அனுப்பிய சலானைக் காட்டிக் கட்டுவது. சட்டப்படி இன்னும் உண்டு. ஆனால் சலான் வர, காகிதத்தில் கணக்கு வாங்குகிறவராக இருக்க வேண்டும். போக, கிளை இருக்க வேண்டும். எங்கள் பக்கத்தில் இருந்த கிளை இப்போது காபிக் கடை.

தபாலாபீஸில் கட்டுவது ஒரு காலத்தில் இருந்தது. 2017 டிசம்பரோடு அதை மூடிவிட்டார்கள். அடுத்த மாதமே, 2018 ஜனவரி 13-லிருந்து, சொந்தக் கிரெடிட் கார்டும் செல்லாது என்றார்கள். கார்டில் கட்டினால் கூடுதல் கட்டணம் வாங்கக் கூடாது என்று அன்றைக்குத்தான் அரசாங்கமே ஒரு விதி கொண்டுவந்தது. அந்தக் கட்டணத்தைத் தன் கையிலிருந்து போட இலாகாவுக்கு மனம் வரவில்லை, கார்டையே நிறுத்திவிட்டது. டெபிட் கார்டு தாராளமாகச் செல்லும். அதாவது, இருக்கிற பணத்தைக் கொடு, இல்லாத பணத்தைக் கொடுக்காதே. இந்த ஒரு விஷயத்தில் இலாகாவும் என் அம்மாவும் ஒரே கட்சி.

வங்கியிலிருந்து நேரே அனுப்புவது அடுத்த வழி. இலாகாவுக்கு இரண்டு கணக்குகள். ஒன்றுக்குக் கம்பர்னால்டு என்று பெயர், இன்னொன்றுக்கு ஷிப்லி. கம்பர்னால்டு ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோ பக்கம், ஷிப்லி யார்க்‌ஷயரில் பிராட்ஃபோர்டு பக்கம். லண்டனில் அரைத்த மாவுக்கு வரி எந்த ஊருக்குப் போக வேண்டும்? பில்லில் எது போட்டிருக்கிறதோ அது. பில்லில் ஒன்றும் போடவில்லை என்றால் கம்பர்னால்டு. ஏன் கம்பர்னால்டு என்று கேட்டால், நம் தாலுகா ஆபீஸில் ஏன் மூன்றாம் நம்பர் ஜன்னல் என்று கேட்கிற மாதிரிதான். பத்து இலக்க எண்ணுக்குப் பின்னால் 'கே' என்று ஒரு எழுத்தை ஒட்டி அனுப்ப வேண்டும். அந்தக் 'கே' விட்டுப்போனால் என்ன ஆகும் என்பதைப் பற்றி இங்கே தமிழர்களிடையே பல புராணங்கள் உலவுகின்றன. கட்டிய பணம் அநாதையாக எங்கேயோ அலையும் என்பது அவற்றில் மிதமானது.

இவை போக டைரக்ட் டெபிட். வாரா வாரமோ மாதா மாதமோ கொஞ்சம் கொஞ்சமாக முன்கூட்டியே கட்டி வைக்கிற சீட்டு மாதிரி ஒரு திட்டமும் உண்டு. கட்ட முடியாவிட்டால் தவணை கேட்கலாம். பாக்கி 30,000 பவுண்டுக்குள் இருந்தால் யாரிடமும் கெஞ்சாமல் கம்ப்யூட்டரிலேயே தவணை போட்டுக்கொள்ளலாம். தாமதத்துக்கு வட்டி உண்டு. நாம் தாமதித்தால் இங்கிலாந்து வங்கியின் அடிப்படை வட்டிக்கு மேல் நாலு சதவீதம். அவர்கள் நமக்குத் திருப்பித் தர வேண்டியதற்கு அதே அடிப்படை வட்டியில் ஒரு சதவீதம் குறைத்து. நம் ஊர்க் கந்துவட்டிக்காரரும் இப்படி நடந்துகொள்வார்தான். அவர் அதை இவ்வளவு நல்ல காகிதத்தில் அச்சடித்துத் தர மாட்டார்.

மருமகளுக்கு இன்னொரு சலுகையும் கிடைத்தது. பாக்கி 3,000 பவுண்டுக்குக் கீழே இருந்து, டிசம்பர் 30-க்குள் கணக்கை அனுப்பிவிட்டால், அதை அடுத்த வருஷச் சம்பளத்தில் மாதா மாதம் பிடித்துக்கொள்வார்கள். எவ்வளவு சௌகரியம் என்று நான் சொன்னேன். அவள் ஒப்பவில்லை. "மாவில் வந்த கடன் மாவிலேயே தீரட்டும், பள்ளிக்கூடத்துச் சம்பளத்தில் கைவைக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டாள். இந்தக் கணக்குப் பிரிவினை எந்தச் சட்டப் புத்தகத்திலும் இல்லை. ஆனாலும் சித்தி இதை முழுமனதோடு ஆதரிப்பார் என்று நினைக்கிறேன்.

அதற்குள் இன்னொரு அதிர்ச்சி. சொந்தத் தொழில் வரி 1,000 பவுண்டைத் தாண்டினால், போன வருஷத்து வரியோடு சேர்த்து நடக்கிற வருஷத்துக்கும் பாதியை இப்போதே கட்ட வேண்டுமாம். மீதிப் பாதி ஜூலை 31-ல். இன்னும் கணக்கே முடியாத உளுந்துக்கு வரி! நிலத்தில் விளைந்ததற்குத்தானே நீங்கள் கிஸ்தி கேட்டீர்கள், விளைந்து முடியாததற்குக் கேட்டீர்களா? முதல் வருஷம் தொழில் செய்கிற நம்மவர்கள் ஜனவரியில் முகம் வெளுத்துத் திரிவதற்குக் குளிர் மட்டும் காரணமில்லை.

கடைசியில் எப்படிக் கட்டினோம் என்றால், போனில். இலாகாவின் பக்கத்தில் 'கட்டு' என்பதைத் தொட்டால் எந்த வங்கி என்று கேட்கிறது. வங்கியைத் தொட்டதும் அந்த வங்கியின் செயலி தானாகத் திறக்கிறது. தொகையும் எண்ணும் 'கே'யும் ஏற்கெனவே அதில் நிரப்பியிருக்கின்றன. பெருவிரலை வைத்தால் முடிந்தது. கம்பர்னால்டா ஷிப்லியா என்ற கவலை நமக்கு இல்லை. காபி ஆறவில்லை. மகள்தான் செய்து கொடுத்தாள். மருமகள் போனையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "ரசீது எங்கே?" என்றாள். திரையில் வந்திருக்கிறதே என்றோம். "முத்திரை?" என்றாள். கடைசியில் மகள் அதைப் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தாள். அது இப்போது கல்யாணப் பத்திரிகை, பாஸ்போர்ட், உங்கள் பழைய கடிதங்கள் எல்லாம் இருக்கிற டிரங்குப் பெட்டியில் இருக்கிறது.

அவள் முத்திரை கேட்டது நியாயம்தான் என்று எனக்குப் படுகிறது. இந்த நாட்டில் ரசீதுக்குப் பெரிய சரித்திரம் உண்டு. பன்னிரண்டாம் நூற்றாண்டிலிருந்து கஜானாவில் கட்டிய பணத்துக்குக் குச்சிதான் ரசீது. ஒரு குச்சியில் வெட்டு வெட்டாகப் போடுவார்கள். ஆயிரம் பவுண்டுக்கு உள்ளங்கை அகல வெட்டு, நூறுக்குக் கட்டைவிரல் அகலம், இருபதுக்குச் சுண்டுவிரல், ஒரு பவுண்டுக்கு ஒரு பருத்த வாற்கோதுமை மணி. பிறகு குச்சியை நெடுக்காகப் பிளந்து பாதி கஜானாவுக்கு, பாதி கட்டியவருக்கு. இரண்டையும் சேர்த்து வைத்தால் வெட்டுகள் பொருந்த வேண்டும். யாரும் திருத்த முடியாது. உங்கள் கள்ளக் கையெழுத்து வழக்குகளெல்லாம் நினைவுக்கு வருகின்றனவா? 1826 வரை இந்தக் குச்சிக் கணக்கு ஓடியது. 1834 அக்டோபர் 16-ம் தேதி, மலையாகச் சேர்ந்திருந்த பழைய குச்சிகளைப் பிரபுக்கள் சபையின் அடியில் இருந்த அடுப்பில் போட்டு எரித்தார்கள். ஏழை எளியவருக்கு விறகாகக் கொடுத்திருக்கலாம், கொடுக்கவில்லை. தீ புகைபோக்கியில் ஏறிப் பார்லிமெண்டே எரிந்துபோனது. இன்றைக்குத் தேம்ஸ் ஓரம் நின்று நம் ஜனங்கள் செல்ஃபி எடுக்கிற கட்டடம், வரி ரசீதை எரித்ததால் வந்த கட்டடம். பழைய ரசீதை அவசரப்பட்டு எரிக்காதே என்று நீங்கள் சொல்வது எவ்வளவு சரி!

மாடு கொடுத்து வரி கட்டலாமா என்று நீங்கள் விளையாட்டாகக் கேட்டிருந்தீர்கள். இங்கே ஒருவர் கட்டினார், கதையில். ஏ.பி. ஹெர்பர்ட் என்ற எழுத்தாளர் பஞ்ச் பத்திரிகையில் ஒரு பொய் வழக்கை நிஜத் தீர்ப்பு மாதிரியே எழுதினார். ஹேடாக் என்று ஒரு மனுஷர். 57 பவுண்டு வரிப் பாக்கி. அவர் ஒரு வெள்ளைப் பசுவின் மேல் சிவப்பு மையில் செக் எழுதி, அதை ஓட்டிக்கொண்டு வரி ஆபீஸுக்குப் போகிறார். செக்கை எதில் எழுத வேண்டும் என்று சட்டம் எங்கே சொல்கிறது என்பது அவர் வாதம். அதிகாரி பசுவின் மேல் கையெழுத்துப் போடப் பார்க்கிறார், பசு முறைக்கிறது. கடைசியில் ஜட்ஜ் ஹேடாக் பக்கம் தீர்ப்புச் சொல்கிறார். நிஜ வழக்கு என்றே நம்பிப் பல ஊர்ப் பத்திரிகைகள் இதைச் செய்தியாகவே போட்டிருக்கின்றன.

ஆனால் பொருளாகக் கொடுக்கிற வழி நிஜமாகவே ஒன்று உண்டு, பரம்பரைச் சொத்துக்கு. இங்கே ஒருவர் காலமானால் 325,000 பவுண்டுக்கு மேற்பட்ட சொத்தில் பொதுவாக 40 சதவீதம் வரி. ரொக்கம் இல்லாத சீமான்கள் அதற்குப் பதிலாக நாட்டுக்குப் பெருமை தரக்கூடிய ஓவியம், சிலை, பழைய கையெழுத்துப் பிரதி இவற்றைக் கொடுக்கலாம். 1910-லிருந்து இந்த ஏற்பாடு இருக்கிறது. லூசியன் ஃப்ராய்டு என்ற ஓவியர் காலமானபோது, தன் நண்பர் ஆவர்பாக் வரைந்த படங்களை அவர் சேர்த்து வைத்திருந்ததே வரிக்கு ஈடாக ஏற்கப்பட்டது. ஹார்ட்விக் ஹால் என்று ஒரு மாளிகையே முழுசாகப் போயிருக்கிறது. நம் வீட்டுக் கல்லுரலை ஏற்பார்களா என்று மருமகள் விசாரிக்கச் சொன்னாள். நான் இன்னும் விசாரிக்கவில்லை.

இவ்வளவு வழிகளில் ஒன்றிலாவது ஒரு மனுஷ முகம் வருகிறதா பார்த்தீர்களா? முன்னெல்லாம் நேரில் போய்க் கேட்க நாடெங்கும் 281 வரி விசாரணை நிலையங்கள் இருந்தன. 2014-ல் அத்தனையையும் மூடிவிட்டார்கள். மீதி இருப்பது போன். அதில் காத்திருக்கும் கதையைத் தணிக்கைத் துறையே கணக்குப் போட்டுச் சொல்லியிருக்கிறது: 2022-23-ல் ஜனங்கள் காத்திருந்த நேரத்தையெல்லாம் கூட்டினால் 798 வருஷம். மூன்றாம் ராஜராஜ சோழன் காலத்தில் ஒருத்தர் ரிசீவரைக் காதில் வைத்திருந்தால் ஏறக்குறைய அந்த வருஷம்தான் லைன் கிடைத்திருக்கும். 2024 மார்ச்சில், சொந்தக் கணக்குக்காரர்களுக்கான போன் சேவையை ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை மூடப்போவதாக ஒரு அறிவிப்பு வந்தது. நாடே கூச்சல் போட, மறுநாளே வாபஸ். ஜமாபந்தியில் மனு வாங்கி, "ஏம்மா, மாடு கன்னு போட்டுதா" என்று கேட்டு அனுப்பிய உங்களுக்கு இது புரியாது. அந்த மனு முடிந்ததோ இல்லையோ, கொடுத்த ஆள் ஒரு முகத்தைப் பார்த்துக் கொடுத்தார்.

முகம் வரும் சந்தர்ப்பம் ஒன்றே ஒன்று மிச்சம் இருக்கிறது. 1,000 பவுண்டுக்கு மேல் பாக்கி வைத்து, கடிதத்துக்கெல்லாம் பதில் போடாமல் இருந்தால், இலாகா நம் வங்கிக் கணக்கிலிருந்து நேரே பணத்தை எடுத்துக்கொள்ளச் சட்டம் இடம் கொடுக்கிறது. 5,000 பவுண்டையாவது நமக்கு விட்டுவைக்க வேண்டும் என்பது நிபந்தனை. அதற்கு முன்னால் ஒரு அதிகாரி நேரில் வந்து நம்மைப் பார்த்துப் பேச வேண்டும் என்பது இன்னொரு நிபந்தனை. ஆக, ஒழுங்காகக் கட்டுகிறவனை எட்டிப் பார்க்க ஆள் இல்லை. கட்டாதவன் வீட்டுக்குத்தான் அடையாள அட்டையோடு வருகிறார்கள்.

இந்த இடைவெளியில் மோசடிக்காரர்கள் நுழைந்துவிட்டார்கள். "வரி இலாகாவிலிருந்து பேசுகிறோம், உன் பேரில் வாரண்ட் இருக்கிறது, கடைக்குப் போய் ஐடியூன்ஸ் கிஃப்ட் கார்டு வாங்கி நம்பரைச் சொல்" என்று மிரட்டல் வரும். கிஃப்ட் கார்டில் வரி கேட்கிற பழக்கமே தங்களுக்கு இல்லை என்று இலாகா பலமுறை சொல்லியும் வயதானவர்கள் பலர் பணத்தை இழந்திருக்கிறார்கள். எங்கள் கீழ்வீட்டு யாழ்ப்பாணத்து அக்காவுக்கும் அப்படி ஒருவன் போன் செய்தான். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "தம்பி, நேரில வாங்கோ, தேத்தண்ணி போட்டு வைக்கிறன்" என்றார். வைத்துவிட்டான்.

தாமதமானால் 100 பவுண்டு அபராதம் என்பதால் சாக்குச் சொல்கிறவர்களும் உண்டு. வந்தவற்றில் தேர்ந்தெடுத்த சாக்குகளை இலாகா வெளியிடுகிறது. ஒருவர் தன் மாமியார் சூனியக்காரி, சாபம் வைத்துவிட்டார் என்று எழுதினார். இன்னொருவர் தபால் பெட்டி எட்டாத அளவுக்குத் தான் குள்ளம் என்றார். வேறொருவர் வீட்டில் பாய்லர் கெட்டு, விரல் விறைத்துத் தட்டச்சு செய்ய முடியவில்லை. மூன்றையும் ஏற்கவில்லை. மூன்றாமவருக்காக நான் வருந்துகிறேன். ஜனவரியில் இங்கே அதுமாதிரி ஒரு நாள் இருந்து பார்த்தவர்கள் எல்லோரும் வருந்துவார்கள்.

2026 ஏப்ரலிலிருந்து, தொழிலிலும் வாடகையிலும் 50,000 பவுண்டுக்கு மேல் வரவு உள்ளவர்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை கணினி வழியாகக் கணக்குச் சொல்ல வேண்டும் என்று புது விதி. பிறகு அது 30,000-க்கும் 20,000-க்கும் இறங்கப்போகிறது. அந்த அளவுக்கு மாவு அரைக்க ஈஸ்ட் ஹாம் மின்சாரம் போதாது என்பதால் இப்போதைக்குப் பயமில்லை.

சித்தப்பா, ஒரு காரியம். அம்மா பேரில் இருக்கிற நஞ்சைக்கு இந்தப் பசலிக்கான நிலவரியையும், வீட்டு வரியையும் நீங்கள்தான் கட்டிவிட வேண்டும். ரசீதைக் கையெழுத்தும் முத்திரையும் தெரிகிற மாதிரி படம் எடுத்து அனுப்புங்கள். அசலைப் பெட்டியில் பத்திரமாக வையுங்கள். எவ்வளவு என்று எழுதினால் பணத்தை உடனே போட்டுவிடுகிறேன். உங்களுக்கு எப்படி அனுப்பினால் சுலபம் என்பதையும் சொல்லுங்கள். ஒரே ஒரு வழி சொன்னால் போதும்.

சித்திக்கு என் நமஸ்காரங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகன்